இதயத்துளையும் ஒற்றைத் தலைவலியும்: ஒரு கருதுகோளின் வரலாறு

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு மூச்சுவிடும் வேலை இல்லை. ரத்தத்தின் ஒரு பகுதி இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு ஒரு மடல்வழியே நேராகப் போய்விடும். பிறந்த பின் அந்த மடல் ஒட்டிக்கொள்ளும்; பலருக்கு ஒட்டுவதில்லை. மேயோ மருத்துவமனையின் 965 பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 1984இல் வெளிவந்த ஆய்வு, 27.3 விழுக்காட்டினருக்கு இது திறந்திருந்ததாகக் காட்டியது. இந்தத் துளையை மருத்துவர்கள் பிஎஃப்ஓ என்பார்கள். ‘பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை’ என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் பதறுவார்களே, அது பெரும்பாலும் வேறு குறை.

இதைக் கண்டறியும் முறை எளிது. உப்புநீரோடு துளி காற்றை இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே தள்ளித் தள்ளிக் கலக்கிக் கைநரம்பில் ஏற்றுவார்கள். மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று துடிப்புக்குள் எக்கோ திரையில் இதயத்தின் இடப்பக்கத்தில் குமிழிகள் தெரிந்தால், வழி திறந்திருக்கிறது.

இதுபோன்ற குமிழிச் சோதனையை வைத்தே இத்தாலியில் அன்சோலா குழு 1999இல், கண்முன் ஒளிக்கோடுகள் மின்னும் ‘ஆரா’வோடு வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களில் 48 விழுக்காட்டினரிடம் துளையைக் கண்டது, ஆரா இல்லாதவர்களில் 23, மற்றவர்களில் 20. நுரையீரல் வடிகட்ட வேண்டிய நுண்கட்டிகளும் ரசாயனங்களும் துளைவழியே மூளைக்குப் போகின்றன என்பது விளக்கம். 2000இல் பிரிட்டனின் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், வேறு காரணங்களுக்காகத் துளையை அடைத்தவர்களில் பலருக்குத் தலைவலியும் விட்டதாக எழுதினார். நம்பிக்கை அங்கேதான் வேகம் பிடித்தது.

அதை நிறுத்தியது 2008இல் வெளியான மிஸ்ட் ஆய்வு. அதில் 147 பேர்; பாதிப்பேருக்குத் துளையை அடைத்தார்கள், மீதிப்பேருக்கு மயக்கம் கொடுத்துத் தொடையிடுக்கில் கீறியதோடு சரி. தலைவலி அடியோடு நின்றவர்கள் இரு தரப்பிலும் மும்மூவர். அந்த ஆய்வின் தரவுகளைக் குறைசொன்ன வில்ம்ஸ்ஹர்ஸ்ட் மீதே அடைப்புக் கருவியைத் தயாரித்த நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. 2011இல் நிறுவனமே மூடப்பட்டது. 2017இல் வெளியான பிரீமியம் ஆய்விலும் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் முழுதும் குணமானவர்கள் அடைத்தவர்களில் 8.5 விழுக்காடு, அடைக்காதவர்களில் 1. இதைப் புறந்தள்ளவும் முடியாது.

தலைவலிக் கிளினிக்குக்கு வந்தவர்களைப் பார்த்தால் தொடர்பு பெரிதாகத் தெரியும். ஆனால் நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் பொதுமக்களைப் பார்த்தபோது ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் 14.6, இல்லாதவர்களில் 15 விழுக்காட்டினருக்குத் துளை; வேறுபாடே இல்லை. நமக்குப் பக்கத்துக் கணக்கு கர்நாடகத்துடையது: 2015இல் வெளியான ஆய்வில் ஓராண்டில் 25.2 விழுக்காட்டினருக்கு ஒற்றைத் தலைவலி. நாலில் ஒருவருக்குத் தலைவலி, நாலில் ஒருவருக்குத் துளை என்றால், தற்செயலாகவே நூறில் ஆறு பேருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். ‘துளை இருக்கிறது, அதனால்தான் தலைவலி’ என்று சொல்ல அந்த ஆறு பேரே போதும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து வெள்ளிமலையிலிருந்து இறங்கி, 2022இல் திறந்த சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தலைவலியோடு வரும் பெண்ணுக்குக் குமிழிச் சோதனை அவசியமில்லை என்பதே என் கணிப்பு. அறுபது வயதுக்குள் காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவருக்குத் துளையை அடைப்பது பயன்தரும் என்பது 2017இன் ஆய்வுகளில் நிலைபெற்றது. அது வேறு கதை. தலைவலியோடு வரும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியவை: தலைக்குக் குளித்த நாளில் வலி வருகிறதா (மும்பை மருத்துவர் ரவிசங்கர் 94 நோயாளிகளிடம் கண்டு 2006இல் எழுதியது), ஆரா உண்டா, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா. கடைசி இரண்டுக்கும் பதில் ஆம் என்றால் பக்கவாத ஆபத்து கூடும். அந்த மாத்திரையை மாற்ற எக்கோ தேவையில்லை.