தோட்டாவில் தடவிய கொழுப்பு

1857ஆம் ஆண்டுப் புரட்சியின் வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள் என்னும் செய்தி ஒரே வரியில் வந்து ஒரே வரியில் மறைந்துவிடுகிறது. தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால் விடை கூறும் ஆசிரியரும் அரியர். ஆனால், சிப்பாய்கள் அறியாமையால் கிளர்ந்தார்களா, நியாயத்தால் கிளர்ந்தார்களா என்னும் வழக்கின் தீர்ப்பு அந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயிண்ட் டேவிட் கோட்டையில் 1751ஆம் ஆண்டு பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் காலமானார். கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்தவர் அவர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசற்கட்டையைக் கொண்டு அளக்கும் முறையை 1742இல் உலகுக்கு அளித்தவரும் அவரே. குழலின் உட்புறத்தில் திருகுசுழலாகப் பள்ளங்கள் வெட்டினால் குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செல்லும், அதனால் குறி தப்பாது என்பதை 1747இல் அவர் விளக்கினார். அத்தகைய குழலையுடைய துப்பாக்கிதான் ரைபிள்.

ஜெர்மானிய நாட்டு வேட்டைக்காரர்கள் இதனை அதற்கு முன்பே கையாண்டு வந்தனர். குண்டு பள்ளங்களைப் பற்றிக்கொண்டால்தான் சுழலும். பற்றவேண்டுமாயின் இறுக்கமாக இருத்தல் வேண்டும். ஆகவே எண்ணெயோ கொழுப்போ தோய்த்த துணியில் குண்டைச் சுற்றி, கோலால் மெல்ல இடித்து இறக்குவார்கள். வேட்டைக்காரனுக்கு அவகாசம் உண்டு. தன் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டின் பருமன் என்ன, மருந்தின் எடை என்ன என்று பலமுறை சுட்டுப் பார்த்து அவனே முடிவு செய்துகொள்வான். போர்க்களத்துச் சிப்பாய்க்கு அந்த அவகாசம் ஏது?

இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது, 1840களின் இறுதியில் மினியே என்னும் பிரெஞ்சு அதிகாரி உருவாக்கிய குண்டு. அது குழலைவிடச் சற்றே சிறியது. ஆதலால் எளிதில் இறங்கும். மருந்து வெடிக்கும்போது குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவி 1853இல் எழுந்ததே என்பீல்டு ரைபிள். அதன் குழலின் விட்டம் .577 அங்குலம், குண்டின் விட்டம்.568 அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாமல் புகையாகவும் கசடாகவும் எஞ்சும். கசடு குழலில் படியப் படிய, அடுத்த குண்டு இறங்க மறுக்கும். குண்டைச் சுற்றிய காகிதத்தில் தடவிய கொழுப்புதான் அக்கசடை இளக்கி வழிவிட்டது. கசடு வேறு, தேய்மானம் வேறு. குண்டு இறங்க மறுத்தால் கசடு, கழுவினால் தீரும். கழுவிய பின்னரும் குண்டுகள் சிதறிப் பாய்ந்தால், இரும்புக் கோல் உராய்ந்து குழல்வாயின் வட்டம் கெட்டிருக்கலாம், அல்லது பள்ளங்கள் மழுங்கியிருக்கலாம். மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் செலுத்தி வெளியே எடுத்து அளந்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று அறிவார்கள். பழைய ரைபிள்களைப் பேணுவோர் இன்றும் அவ்வாறே அறிகின்றனர்.

ஆக, மசகு இன்றியமையாததே. ஆனால் அது விலங்கின் கொழுப்பாகத்தான் இருக்கவேண்டுமா?

சோதனைக்காக இத்தோட்டாக்கள் 1853இல் இந்தியாவுக்கு வந்தபோதே, வங்காளப் படையின் தலைமை அலுவலரான கர்னல் டக்கர் எச்சரித்தார்: கொழுப்பு எத்தகையது என்று உறுதிப்படாதவரை இந்தியச் சிப்பாய்களுக்கு இவற்றை வழங்கலாகாது என்று. அவ்வெச்சரிக்கை ஏட்டோடு நின்றது. 1857 ஜனவரியில் டம்டம் முகாமில் வதந்தி பரவிய பிறகு விசாரித்தபோது, ஆட்சேபத்துக்குரிய கொழுப்பைத் தவிர்க்கத் தனிக் கவனம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது.

தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவது அக்காலப் பயிற்சி. கொழுப்பு தடவியது குண்டிருக்கும் முனை, கடிப்பது மறுமுனை என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் ஒரே காகிதப் பொட்டலம். கோடை வெயிலில் உருகும் கொழுப்புக்கு எல்லை ஏது? ஐயத்திற்குரியதைவிட்டு விலகி நிற்பதே பேணுதல் என்பது மதரஸாவில் சிறு பிள்ளைகளும் பயிலும் பாடம். ஹராமா ஹலாலா என்று வழங்கியவனுக்கே தெரியாத பொருளை வாயில் வைக்க மறுத்தவனை அறியாதவன் என்பது எங்ஙனம்?

பின்னர் அரசு இறங்கி வந்தது. சிப்பாய்கள் தாமே மெழுகும் எண்ணெயும் கலந்து பூசிக்கொள்ளலாம் என்றது; பல்லால் கடியாமல் கையால் கிழிக்கலாம் என்றது. நம்பிக்கை போனபின் வந்த சலுகை ஐயத்தையே வளர்த்தது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில், குதிரைப்படையினர் தொண்ணூறு பேரில் எண்பத்தைந்து பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! மே 9ஆம் நாள் அணிவகுப்பின் நடுவே அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

புரட்சிக்குக் கொழுப்பு மட்டுமே காரணமன்று. நாடிழந்த மன்னர்களின் துயரும், நிலமிழந்த குடிகளின் வறுமையும் உண்டு. எனினும் இதன் முடிவைக் கேளுங்கள். இந்திய வெப்பத்தில் என்பீல்டு குண்டுகள் குழலில் சிக்கிக்கொள்வதை ஆங்கிலப் படையினரே கண்டனர். 1859 வாக்கில் குண்டின் விட்டம் .55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பு விலக்கப்பட்டுத் தேன்மெழுகு மட்டுமே பூசப்பட்டது. ரைபிள் முன்னிலும் நன்றாகவே சுட்டது.

எதை விலக்குமாறு சிப்பாய் வேண்டினானோ, அதனை அவன் மாண்ட பிறகு விலக்கினார்கள். அவன் வேண்டியபோது கேளாத செவி, இரும்புக் குழல் முரண்டியபோது கேட்டது.