வெள்ளம் விதியின் விளையாட்டா?

வருணன் சினந்தால் வெள்ளம், வாளாவிருந்தால் வறட்சி! இப்படித்தான் நமக்குப் பன்னெடுங்காலம் கற்பித்தனர். பாரிவாக்கத்து ஏரிக்கரையைக் கேட்போம்: அதைக் கட்டியது வருணனா? மண் சுமந்த மக்களன்றோ!

பூவிருந்தவல்லி வட்டாரம் தட்டை நிலம். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இதை உணர்ந்த முன்னோர் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்தது ஏற்றது. அது வேண்டுதலன்று, அறிவு!

2015 டிசம்பரில் நடந்ததென்ன? சூடேறிய வங்கக்கடல் ஈரத்தை ஏற்றியது. காற்றழுத்தத் தாழ்வு அதைக் கரைக்கு இழுத்தது. அண்டையிலுள்ள செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை! அந்த ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. நீரின் பழைய வழிகளிலோ கட்டடங்கள்! வெள்ளம் வீடு புகுந்தது. இதில் விதி எங்கே?

2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டன. அப்போதும் கோயில்களில் மழை வேண்டி வேள்வி வளர்த்தனர். புகை எழுந்தது, கால்வாயில் ஒரு கூடைத் தூராவது குறைந்ததா?

தோழர்களே! மழையை நாம் தடுக்க முடியாது; அது போகும் வழியை மறிக்காதிருக்க முடியும். வேள்விக் குண்டத்தை விடுத்துக் கலங்கலைக் காப்போம். கரை கட்டிய கைகளின் வழித்தோன்றல்கள் நாம்!