வள்ளியின் முகம், பெரியநாயகியின் குரல்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. இப்போது அவளுக்கே அந்த வயதில் மகன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்த பையன், "பாட்டை ஒருத்தர் பாடறாங்க, வசனத்தை இன்னொருத்தர் பேசறாங்க, அப்ப அந்த ஆன்ட்டி என்னதாம்மா செய்யறாங்க?" என்று கேட்டானாம். "நீங்களே பதில் சொல்லுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டாள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை கிடையாது.

ஆரம்பத்தில் நம் படங்களில் முகமும் குரலும் ஒட்டித்தான் இருந்தன. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் 'காளிதாஸ்' வந்தது. 'ஆலம் ஆரா' எடுத்த ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் ரயில் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடும் என்பதால், நள்ளிரவுக்கு மேல் ரயில் ஓய்ந்த நேரத்தில் படம் பிடித்தார்கள். மைக்கை நடிகருக்குப் பக்கத்தில் எங்காவது ஒளித்து வைப்பார்கள். பாட்டு என்றால் நடிகரே அந்த இடத்திலேயே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாத இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். யாராவது பிசகினால் முதலிலிருந்து ஆரம்பம். ஆகவே பாடத் தெரிந்தவர்தான் நடிகர். தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கோலோச்சிய காலம் அது.

சரி, அந்த ஒலி படச்சுருளில் எங்கே இருந்தது? என் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். டூரிங் டாக்கீஸ் வாசலில் பிலிம் துண்டு பொறுக்கி, பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து வேட்டியில் படம் காட்டியவர்கள் நாங்கள். அந்தத் துண்டின் ஓரத்தில், படங்களுக்கும் ஓட்டைகளுக்கும் நடுவே, நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் ஒலி! ஒலியை ஒளியாக மாற்றி அங்கே பதித்திருப்பார்கள். புரொஜெக்டரில் ஒரு சிறு விளக்கின் வெளிச்சம் அந்தக் கோட்டின் வழியாகப் பாயும். நெளிவுக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் வினாடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலி நிற்காமல் சீராக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் படிக்க முடியாது. அதனால் ஒரு காட்சிக்கான ஒலியை, அந்தப் படத்துக்கு நேராகப் பதிக்காமல் சுமார் 20 பிரேம் முன்னால் பதிப்பார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் அடி. கொட்டகையில் பிலிம் அறுந்து, ஆபரேட்டர் வெட்டி ஒட்டி மறுபடி ஓட்டும்போது வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் தாவுமே, நாமும் விசில் அடிப்போமே, காரணம் இதுதான். அவர் வெட்டிய இடத்தில் போன படம் ஒன்று, போன பேச்சு வேறொன்று.

இனி கதைக்கு வருகிறேன். குரலையும் முகத்தையும் பிரிக்கலாம் என்று முதலில் செய்து காட்டியது கல்கத்தா. 1935இல் நியூ தியேட்டர்ஸ் எடுத்த 'தூப் சாவோன்' படத்தில் பாட்டை முன்பே பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்க வைத்தார்கள். நம் பக்கம் அதைக் கையில் எடுத்தவர் ஏ.வி.மெய்யப்பன். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தார். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944இல் தமிழ் பேச வைத்து வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைச் சொல்வார்கள்.

மொழிமாற்றம் எவ்வளவு கடினம் என்பதை என்னிடம் நன்னூல் கேட்டவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள். ப, ம இரண்டும் இதழ் இரண்டும் கூடினால்தான் பிறக்கும். வகரத்துக்கு மேற்பல் கீழிதழைத் தொட வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வராவிட்டால், படிக்காதவர் கண்ணுக்கும் 'ஏதோ சரியில்லை' என்று தெரிந்துவிடும். க, த எல்லாம் வாய்க்குள் பிறப்பவை, சமாளித்துவிடலாம். வசனம் எழுதுபவர் பொருளும் பார்க்க வேண்டும், உதடும் பார்க்க வேண்டும். எழுத்துகளின் பிறப்பிடம் தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது!

அடுத்த ஆண்டு, 1945இல், 'ஸ்ரீ வள்ளி'. முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாக ருக்மிணி. மகாலிங்கத்தின் குரல் வளம் உங்களுக்குத் தெரியும், உச்ச ஸ்தாயியில் நின்று விளையாடும். அதற்குப் பக்கத்தில் ருக்மிணி பாடியது மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. படம் பிடித்தாகிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டுமானால் பணமும் பிலிமும் வேண்டும். உலகப்போர்க் காலம், பிலிமே கட்டுப்பாட்டில் கிடைத்த நேரம். அப்போது ஒரு முடிவு எடுத்தார். பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, ஏற்கெனவே படத்தில் அசைந்துகொண்டிருந்த ருக்மிணியின் உதட்டுக்கு அந்தப் பாட்டைப் பொருத்தினார்.

இது பின்னணிப் பாட்டைவிடக் கடினமான வேலை. பின்னணியில் பாட்டு முதலில், வாயசைப்பு பிறகு. இங்கே தலைகீழ். ருக்மிணி எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கேதான் பெரியநாயகியும் மூச்சு வாங்க வேண்டும். எங்கே சங்கதி நீண்டதோ அங்கே நீட்ட வேண்டும். இன்னொருவர் பாடி முடித்த பாட்டுக்குள் நுழைந்து பாடுவது அது. கம்ப்யூட்டர் கிடையாது, காந்த நாடா கூட நம்மிடம் வந்துசேரவில்லை. படம் பிரமாதமாக ஓடியது.

எல்லோரும் இதை மெய்யப்பனின் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ருக்மிணியின் நினைவும் வருகிறது. தன் முகம் பெரிதாகத் தெரிகிறது, கொட்டகையே கைதட்டுகிறது, வாயிலிருந்து வருவது வேறொருவர் குரல். நடிகை லட்சுமியின் தாயார் இவர். அதன் பிறகும் நடித்தார். 'ஸ்ரீ வள்ளி' என்றால் மகாலிங்கத்தைச் சொல்கிறோம். ருக்மிணியையும் பெரியநாயகியையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அந்த வெட்டுக்குப் பிறகு இரண்டும் ஒட்டவே இல்லை. பாட்டு முழுக்கப் பின்னணிக்குப் போனது. எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு ஒரு மாதிரியும் டி.எம்.எஸ். குரலை மாற்றிப் பாடியதை நான் சொல்ல வேண்டியதில்லை. வசனத்தையும் பிரித்தது கேமரா. தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கேமராக்கள் வந்தன, ஆனால் தையல் மிஷின் மாதிரி சத்தம் போட்டன. பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே'க்காகக் கிராமத்துக்குப் போன காலத்திலிருந்து, வெளிப்புறத்தில் எடுத்துவிட்டு டப்பிங் தியேட்டரில் பேசுவதே வழக்கமாகிவிட்டது. காட்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வளையமாக ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, உதடு பொருந்தும்வரை பேசுவார்கள். காலடிச் சத்தம், வளையல் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் தனித்தனியாகச் செய்து சேர்ப்பார்கள். கடைசியில் பேச்சு, இசை, சத்தம் என்ற மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து, எது எப்போது கூட வேண்டும், எது அடங்க வேண்டும் என்று கலப்பார். அதுதான் மிக்ஸிங். இசை ஓங்கினால் வசனம் செத்துவிடும். ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, படத்தைப் பார்க்காமலேயே முழுக் கதையையும் சொன்னோமே, அந்த மனிதரின் வேலை நன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது.

டப்பிங் வந்ததும் இரவல் குரலும் பெருகியது. 'அமராவதி'யில் அஜித்துக்குப் பேசியவர் விக்ரம். 'பம்பாய்' மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி. 'மின்சார கனவு' கஜோலுக்கு ரேவதி. இவர்கள் நடிகர்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. இன்னும் எத்தனை பேர் ழகரத்தைச் சுத்தமாக உச்சரித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள்! பழைய படங்களின் டைட்டிலில் அவர்கள் பெயரைத் தேடினேன், பெரும்பாலும் இல்லை.

2001இல் 'லகான்' வந்தபோது, படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்தார்கள். எழுபது ஆண்டு கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பியது மாதிரி. அதன் ஒலிக்காகத் தேசிய விருது பெற்ற இருவரில் ஒருவர் நம் சென்னையின் எச்.ஸ்ரீதர். 'மகாநதி', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களுக்கும் விருது வாங்கியவர். 2008இல் காலமாகிவிட்டார்.

உங்களில் சிலர் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் குடியிருக்கிறீர்கள். உங்கள் தெருவிலோ உறவிலோ டப்பிங் பேசியவர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் படத்தில் யாருக்குப் பேசினார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.