சன்னி சைட்: ஒரு தளபதியின் இளமை இல்லம்

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் உறைவதன்று. மக்கள் வாழ்ந்த வீடுகளிலும் உறைவதாகும். குடகு நாட்டு மடிக்கேரியிலுள்ள ‘சன்னி சைட்’ என்னும் இல்லம் இதற்குத் தக்க சான்று.

1834ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினியார் குடகு மன்னரை நீக்கி அந்நாட்டைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் காலப் பாணியில் ஓடு வேய்ந்த இவ்வில்லத்திலேயே, 1906இல் பிறந்த ஜெனரல் கே. எஸ். திம்மையா தம் இளமையைக் கழித்தார். 1926இல் படையதிகாரியான அவர், 1948இல் சோசிலாக் கணவாயில் டாங்கிகளை ஏற்றிப் புகழ்பெற்றார். 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தின் முற்பகுதியில் இலங்கைத் தரைப்படையின் தலைவராயிருந்தவர் தமிழரான அன்ரன் முத்துக்குமாரு என்பது ஈண்டு நினைத்தற்குரியது. 1965 டிசம்பர் 18ஆந் திகதி, சைப்பிரசில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படைத் தளபதியாயிருந்தபோது திம்மையா காலமானார்.

அவ்வில்லமோ பின்னர் போக்குவரத்து அலுவலகமாயிற்று. தளபதி விளையாடிய கூடங்களில் வாகனப் பதிவேடுகள் குவிந்தன. எனினும் சுவர்கள் நிலைத்தமையாலன்றோ மீட்பும் இயல்வதாயிற்று! 2021 பெப்ரவரி 6ஆந் திகதி இந்திய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதனை நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார்.

புகழ்பெற்ற மைந்தனைப் பெற்ற வீடு பிழைத்தது. அத்தகைய மைந்தரைப் பெறாத வீடுகளின் கதி யாது? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகள் மாடிக் குடியிருப்புகளுக்கு இடங்கொடுத்து மறைகின்றன. அவற்றைக் கட்டியவர் யார், வாழ்ந்தவர் யார் என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் மாணவர்தம் கடனாகும். இடிந்த சுவர் மீளாது. எழுதிய செய்தி நிலைக்கும்.