தாம்பரம் ரயிலில் விளக்கு அணைவது ஏன்?

தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று விளக்குகள் அணையும். மின்விசிறிகள் வேகம் குறையும். அடியிலிருந்து வரும் மோட்டார் இரைச்சலும் அடங்கிவிடும். சில நொடிகளில் எல்லாம் திரும்ப வந்துவிடும். புதிதாக ஏறியவர்கள் மட்டும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வயரிங் பழசு என்பார் ஒருவர். மின்வாரியம் கட் பண்ணிவிட்டது என்பார் இன்னொருவர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர், "இந்த இடத்தில் டி.சி. மின்சாரம் ஏ.சி.யாக மாறுகிறது" என்பார். மூன்றுமே சரியல்ல. ஆனாலும் மூன்றாவது விளக்கத்தில் நம் ஊரின் பழைய கதை ஒன்று ஒளிந்திருக்கிறது.

சென்னைக்கும் டி.சி. மின்சாரத்துக்கும் உறவு நெடுங்காலத்தது. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் ஓடியது. அதற்கு 1500 வோல்ட் டி.சி. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931-ல், சவுத் இந்தியன் ரயில்வே கடற்கரை – தாம்பரம் பாதையை அதே 1500 வோல்ட் டி.சி.யில் மின்மயமாக்கியது. இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் பாதை இதுதான். மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் பட்டணத்து வேலைக்குப் போய்வரும் ஊர்களாக வளர்ந்ததற்கு இந்த ரயில் ஒரு பெரிய காரணம்.

அன்று ஏன் டி.சி.யைத் தேர்ந்தெடுத்தார்கள்? மோட்டாரை முன்னிட்டுத்தான். ரயிலை இழுக்க ஏற்றது டி.சி. சீரீஸ் மோட்டார். நின்றுகொண்டிருக்கும் கனமான வண்டியை நகர்த்தும்போது அதற்கு நல்ல இழுவிசை உண்டு. வேகம் கூடக்கூட அதுவே தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷனில் நின்று நின்று கிளம்பும் புறநகர் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது அன்று வேறு இல்லை. நம் வீட்டு மிக்ஸியில் இருப்பது இதே குடும்பத்து மோட்டார்தான். கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் எல்லாம் அதிலும் உண்டு. மிக்ஸி மோட்டார் சின்னது, ஏ.சி.யிலும் ஓடிவிடும். ரயில் மோட்டார் அளவுக்குப் பெரிதாக்கி 50 சைக்கிள் ஏ.சி.யை நேராகக் கொடுத்தால் கம்யூட்டேட்டரில் தீப்பொறி தாங்காது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், அன்றைய சாதனங்கள் அதற்கேற்ற அளவில் இல்லை. ஆகவே தரையில் சப்ஸ்டேஷன் கட்டி, அங்கேயே டி.சி.யாக மாற்றி, கம்பியில் அனுப்பினார்கள்.

அந்தக் காலத்து இன்ஜின்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. சரக்கு வண்டிகளை இழுக்க 1930-ல் செய்த மின்சார இன்ஜின்கள் சில, கம்பி இல்லாத சைடிங்குகளிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அதற்காகப் பேட்டரிகள் நிறைந்த தனிப் பெட்டி ஒன்றை அவற்றோடு கோத்துக்கொண்டு போவார்கள். பேட்டரியில் வண்டி ஓட்டுவதை இன்று பெரிய புதுமையாகப் பேசுகிறோம்!

டி.சி.யின் குறை அதன் குறைந்த வோல்டேஜ். ஒரு சின்னக் கணக்கு. 15 லட்சம் வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 வோல்ட்டில் அதற்கு 1000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 60 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப என்பதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 280-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டி.சி.க்குத் தடித்த செம்புக் கம்பியும், சில கிலோமீட்டருக்கு ஒரு சப்ஸ்டேஷனும் வேண்டும். 25,000 வோல்ட்டுக்கு மெல்லிய கம்பி போதும்; சப்ஸ்டேஷன்களையும் தூரத்தில் வைக்கலாம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 30 கிலோமீட்டருக்கு டி.சி. கட்டுப்படியானது. விழுப்புரம் வரை கொண்டுபோவதென்றால் கட்டுப்படியாகாது.

பிரெஞ்சுக்காரர்கள் 25,000 வோல்ட், 50 சைக்கிள் ஏ.சி.யில் ரயில் ஓட்டிக் காட்டியபின், 1957-ல் இந்திய ரயில்வேயும் அந்த முறையை ஏற்றது. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை ஏ.சி.யாகவே மின்மயமாக்கினார்கள். 1967 ஜனவரியில் கடற்கரை – தாம்பரமும் ஏ.சி.க்கு மாறியது. ஆகவே நம் பாதையில் டி.சி. மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகின்றன. மும்பையில்தான் வெகுகாலம் டி.சி. நீடித்தது, அங்கே மாற்றம் முழுதாக முடிய 2016 ஆயிற்று. அந்த ஊர்க் கதையை யாரோ இந்த ஊர் இருட்டோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும்.

மேலே கம்பி ஏ.சி.யானாலும், கீழே மோட்டார் வெகுகாலம் டி.சி.யாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் வந்தன. முன்பு தரையில் நடந்த வேலை வண்டிக்குள் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, விளக்கு ஏன் அணைகிறது?

மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பேஸ் போய்விட்டால் அடுத்த பேஸுக்குத் திருப்புகிற சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேஸிலும் 230 வோல்ட்தான். ஆனால் இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால் பியூஸ் மட்டும் போகாது, போர்டே கருகிவிடும். அதனால்தான் அந்த சுவிட்ச், முதல் பேஸை முழுசாக விட்டபிறகுதான் அடுத்ததைத் தொடும். திருப்பும்போது வீடு ஒரு கணம் இருட்டாகும்.

ரயில்வேயும் மின்வாரியத்தின் மூன்று பேஸ் மின்சாரத்தைத்தான் வாங்குகிறது. ரயிலுக்கு வேண்டியது ஒற்றை பேஸ். எல்லா சப்ஸ்டேஷனும் ஒரே பேஸில் தொங்கினால் மின்வாரியத்தின் சுமை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே ஒரு பகுதிக்கு ஒரு பேஸ், அடுத்த பகுதிக்கு வேறு பேஸ் என்று பங்கிடுகிறார்கள். இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் மேல்கம்பியில் மின்சாரமே இல்லாத ஒரு சிறிய துண்டை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் நியூட்ரல் செக்‌ஷன். வீட்டு சுவிட்சின் நடு நிலைதான் அது. 1931-ன் டி.சி.க்கு பேஸ் என்ற பேச்சே கிடையாது. ஆகவே இந்த இருட்டு டி.சி.யின் மிச்சம் அல்ல; டி.சி.யை விட்டதற்கு நாம் கொடுக்கும் விலை.

அந்த இடம் வருவதற்கு 500 மீட்டர் முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகை, 250 மீட்டரில் இன்னொன்று, பிறகு "டி.ஜே. ஓபன்" என்று ஒரு பலகை. மோட்டார்மேன் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடிவந்த வேகத்திலேயே வண்டியை உருளவிடுகிறார். தாண்டியதும் "டி.ஜே. குளோஸ்". பிரேக்கருக்கு பிரெஞ்சு மொழியில் டிஸ்ஜோங்க்தர் என்று பெயர்; அதன் சுருக்கம்தான் டி.ஜே. ஆலோசனை சொன்ன பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் இன்றும் நம் தண்டவாளத்தோரம் நிற்கிறது. மோட்டார்மேன் திறக்க மறந்தால் மேலே பெரிய தீப்பொறி எழுந்து கம்பியே அறுந்துபோகலாம். வேகம் போதாமல் அந்தத் துண்டுக்கடியில் நின்றுவிட்டாலோ, வண்டி தானாகக் கிளம்ப வழியில்லை. நமக்குச் சில நொடி இருட்டு. அவருக்கு ஒவ்வொரு நடையிலும் ஒரு பரீட்சை.

எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏன் அணைவதில்லை என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டிகளில் விளக்குக்குத் தனியாகப் பேட்டரி உண்டு. சக்கரத்தோடு சுழலும் ஆல்டர்னேட்டர் அதைச் சார்ஜ் செய்துகொண்டே வரும், அல்லது ஜெனரேட்டர் பெட்டி இருக்கும். புறநகர் வண்டியின் விளக்கும் விசிறியும் மேல்கம்பியையே நம்பி இருப்பவை. பேட்டரியில் எரியும் ஓரிரு அவசர விளக்குகளே அப்போது துணை.

மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் விடைபெற்றுவிட்டது. பிராட் கேஜ் வந்தும் கம்பியில் அதே 25,000 வோல்ட்தான். ஆகவே அடுத்த முறை விளக்கு அணையும்போது பக்கத்தில் யாராவது பதறினால், பழுதில்லை என்று சொல்லுங்கள். கழுத்துச் சங்கிலியையும் குழந்தையின் கையையும் மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும்.