கருப்பைத் தசைப் புற்று: மூளைப் பரவல்

கருப்பைச் சுவரின் மென்தசையில் தோன்றும் அரிய புற்று, லியோமயோசார்கோமா. கருப்பைப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகை. பெரும்பாலும் 50 வயதை ஒட்டியும் அதற்கு மேலும் வரும். ஸ்கேனில் சாதாரண ஃபைப்ராய்டு கட்டியைப் போலவே தெரிவதுதான் இதன் சூது. கருப்பையை எடுத்த பிறகு, திசுப் பரிசோதனையில்தான் பலருக்கு உண்மை தெரிகிறது. கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுத்தால் புற்று சிதறக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது.

இந்தப் புற்று இரத்தவழி பரவும், முதலில் நுரையீரலுக்கு. மூளைக்குப் போவது அபூர்வம், போனால் பெரும்பாலும் நுரையீரலைத் தொட்ட பிறகே. அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்தும் அது நேரலாம். விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி அறிகுறிகள். இவற்றை இரத்தக்கொதிப்பு, பித்தம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கருப்பை எடுத்த, தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர் வட்டாரப் பெண்கள் இந்த அறிகுறிகளோடு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது பழைய திசுப் பரிசோதனை (பயாப்சி) அறிக்கையையும் எடுத்துச் செல்வது நல்லது. 'கர்ப்பப்பை எடுத்தாச்சு' என்ற ஒரு வரி மருத்துவருக்குப் போதாது.

மூளையில் எம்.ஆர்.ஐ. காட்டும் ஒற்றைக் கட்டியை அறுத்தெடுக்கலாம். சிறியதெனில், கட்டியின் மீது கதிர்களைக் குவிக்கும் குவிகதிர் சிகிச்சை தரலாம். டாக்ஸோரூபிசின் என்ற புற்று மருந்து உடலின் பிற பகுதிகளுக்கு உதவும், ஆனால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது.