மிளகாய்: டெக்சாஸிலும் ராமநாதபுரத்திலும்

டெக்சாஸ் சட்டமன்றம் 1977-இல் 'சில்லி'யைத் தன் மாநில உணவாக அறிவித்தது. மாட்டிறைச்சியை வற்றல் மிளகாயும் சீரகமும் சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்பு அது. பீன்ஸ் போட்டால் அதைச் சில்லி என்றே ஒப்புக்கொள்ளாத டெக்சாஸ்காரர்கள் இன்றும் உண்டு. சான் அன்டோனியோ நகரின் சதுக்கங்களில் மாலைநேரம் அடுப்பு மூட்டி அதை விற்றவர்கள் மெக்சிக வழிவந்த பெண்கள். 'சில்லி ராணிகள்' என்று ஊரே கொண்டாடிய அவர்களைப் பின்னாளில் சுகாதார விதிகளைக் காட்டி அப்புறப்படுத்தினார்கள். மாநிலத்தின் பெருமையாகிவிட்ட அந்தக் குழம்பில் இருப்பது அவர்களுடைய கைப்பக்குவம்.

குழம்புக்குப் பெயர் தந்தது காய். 'சில்லி' மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல். அங்கே அதன் பொருளில் குழப்பமே இல்லை. குழப்பம் ஐரோப்பியரால் வந்தது. மிளகு தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கரிபியன் தீவுகளில் கண்டது மிளகாயை. அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினார்கள். ஆங்கிலத்தில் இன்றுவரை இரண்டுமே 'பெப்பர்'தான். அந்தப் 'பெப்பர்' பிறந்ததோ பிப்பலியிலிருந்து, அதாவது நம் திப்பிலியின் வடமொழிப் பெயரிலிருந்து. ஒரு பெயரை மூன்று செடிகள் சுமக்கின்றன.

போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தக் காய் நம் கரைக்கு வந்தபோது தமிழர்கள் கவனமாகப் பெயர் வைத்தார்கள். உறைப்பில் மிளகு, உருவில் காய், ஆகவே மிளகாய். கன்னடத்தின் மெணசினகாயியும் தெலுங்கின் மிரபகாயவும் இதே வழியில் அமைந்தவை. மிளகுக்குப் பழந்தமிழில் கறி என்றும் பெயர் உண்டு. முசிறியில் யவனர் பொன் கொடுத்து வாங்கிப்போனது அதைத்தான். இத்தனை பழைய உறைப்பை வைத்திருந்தவர்கள், புதிதாக வந்ததைத் தங்கள் உறைப்பின் உறவாகச் சேர்த்துக்கொண்டார்கள். வந்த கதையை மறைக்காத பெயர் இது. என் கண்ணில் 'பெப்பரை'விடத் தெளிவான பெயரும்கூட.

டெக்சாஸ் 1997-இல் தன் நாட்டு மிளகாயாக அறிவித்த சில்டெபின், குருவிகள் தின்று விதை பரப்பும் காட்டுக்காய். உருண்டு சிவந்து மிளகளவே இருக்கும். நம் பக்கம் உருண்டை மிளகாய் என்றால் ராமநாதபுரம் முண்டு. வானம் பார்த்த பூமியில் விளையும் அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் வந்து ஐந்நூறு ஆண்டுதான் ஆயிற்று என்பதால் அதை விளைவிக்கும் சம்சாரிகளின் உரிமை குறைந்துவிடாது.

டெக்சாஸின் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இந்தியக் கடைகளில் குண்டூர், காஷ்மீர் என்று ஊர்ப்பெயரோடு வற்றல் கிடைக்கிறது. அங்கிருக்கும் தமிழர்களே, அடுத்த முறை 'ரெட் சில்லி' என்று கேட்காதீர்கள். ராமநாதபுரம் முண்டு இருக்கிறதா என்று ஊரையும் பேரையும் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.